சொட்டாத லீக்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கார் இருக்கிறது. உருண்டை விளக்கு, குரோம் மூக்கு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துகிற சத்தம். தாத்தா போன பிறகு அது அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி என்று ஆனது. காரை நடுவில் அறுக்க முடியாதே, அதனால் காலண்டரை அறுத்தார்கள். ஒரு மாதம் கீழ்வீட்டில் இருக்கும் எங்களுக்கு, அடுத்த மாதம் மாடியில் இருக்கும் பெரியப்பாவுக்கு. ஷெட் பொது. சாவி மாட்ட மாடிப்படித் திருப்பத்தில் ஓர் ஆணி, அதுவும் பொது.

பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. காரணம் சீட் கவர். பெரியப்பா தன் மாதத்தில் மெரூன் கலரில் வெல்வெட் கவர் போட்டார். அப்பா தன் மாதத்தில் அதைக் கழற்றி, மடித்து, மாடிப்படியில் வைத்தார். சுருட்டி எறிந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பார்கள் என்பது அம்மாவின் கருத்து. அவ்வளவு நேர்த்தியாக மடித்து வைத்ததுதான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லையாம்.

அதற்காக வண்டியை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மாதக் கடைசியில் வண்டி கை மாறும் முன் நடக்கிற உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! டயரில் காற்று, ரேடியேட்டரில் தண்ணீர், இன்ஜினில் ஆயில், கண்ணாடியில் ஒரு கைரேகை இல்லாத சுத்தம். பெரியப்பா ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பார். அதைக் கொண்டு பானெட்டை வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டே இருப்பார், குழந்தைக்கு முதுகு தடவுகிற மாதிரி. எல்லாம் பிரியத்தினால் அல்ல. 'உன் மாசத்துலதான் கெட்டுச்சு' என்று எதிராளி சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். பிரியம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், பாதி நாள் பஞ்சராகி நிற்கும். வீம்பு வைத்துப் பார்த்துக்கொண்ட வண்டி இது ஒன்றுதான். கல் மாதிரி இருந்தது.

புகையைத் தவிர.

புகை வெள்ளையாக வந்தது. முதலில் லேசாக, பிறகு தெருவில் பின்னால் வருகிறவர்கள் வைப்பர் போடுகிற அளவுக்கு. தெருப்பிள்ளைகள் அதற்குப் புகைவண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா, "மேல இருக்கறவங்க கண்ட இடத்துல பெட்ரோல் போட்டா இப்படித்தான்" என்று அம்மாவிடம் சொல்வார். பெரியப்பா, "கீழ ஓட்டறவங்களுக்கு கியர் மாத்தத் தெரியலைன்னா இன்ஜின் என்ன பண்ணும்" என்று பெரியம்மாவிடம் சொல்வார். இரண்டுமே படிக்கட்டு வழியாக உரியவரைப் போய்ச் சேரும்.

கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டார்கள். அவர் இன்ஜினின் தலையைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், திரும்ப மாட்டினார். புகை அப்படியே வந்தது. "இன்ஜின் தேஞ்சு போச்சு. இனிமே இது ஷோகேஸ்ல வைக்கிற வண்டி" என்றார். பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருக்கு ஃபோன் போயிற்று, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அண்ணன் தம்பி ஒத்துப்போன ஒரே விஷயம் வண்டியை விற்பதுதான். அந்த ஒற்றுமையைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் அந்த ஒற்றுமை பிடிக்கவில்லை.

ஏனென்றால் எனக்கு அந்த வண்டி வேண்டும். நான் படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பிக்காத நேரமெல்லாம் அதற்கு அடியில்தான் படுத்திருக்கிறேன். நான் முதலில் கழற்றிய கார்ப்யூரேட்டர் அதனுடையது. மாட்டிய பிறகு மிச்சமிருந்த ஒரு ஸ்க்ரூ இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது, எங்கே போக வேண்டியது என்று இன்றுவரை தெரியாது. பாதிப் பாதியாக இரண்டு பேருக்குச் சொந்தமான வண்டியில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்பது அந்த ஃபோன் போன பிறகுதான் உறைத்தது.

"அப்பா, புகையை நான் நிறுத்திட்டா வண்டி இருக்குமா?"

"பாக்கலாம்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். சொன்னவர் நல்லவர் என்றும் அர்த்தம்.

அது எங்கள் மாதம். நான் ஆரம்பித்தேன்.

வெள்ளைப் புகை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது தண்ணீர். ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் புகுந்து ஆவியாகி வருகிறது என்பார்கள். சரி, ரேடியேட்டரில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். ஊர் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் அதே மட்டம். இன்ஜின் ஆயில், அதே மட்டம். மெக்கானிக் இதைப் பார்த்திருந்தால் தலையைக் கழற்றியிருக்கமாட்டார். ஆனால் தலையைக் கழற்றுகிற சுகம் தலைக்குள் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், அவரைக் குறை சொல்லமாட்டேன்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். எங்கள் தெருவிலிருந்து கடைவீதிக்கு இறங்குகிற பாதை நல்ல சரிவு. ஏறும்போது புகை சாதாரணமாக இருக்கிறது. இறங்கும்போது, வளைவுக்கு வளைவு நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க, பின்கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் வந்த பால்காரர் தலையை ஆட்டிக்கொண்டே என்னை முந்திப் போனார். ஓரங்கட்டி இறங்கி, சைலன்சர் பக்கம் போய் மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இல்லை, ஆயில் கருகல் இல்லை. லேசாக ஓர் இனிப்பு வாடை. மருந்துக் கடையில் இருமல் மருந்து பாட்டில் உடைந்த மாதிரி.

பிரேக்கை மிதித்தால் இன்ஜின் புகைகிறது. காலில் முள் குத்தினால் காது வலிக்கிற கதை. யாரிடம் சொல்வது?

ஆனால் இந்த வண்டியில் காலுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதற்குப் பெயர் செர்வோ. இன்ஜின் பக்கவாட்டில் சின்னச் சொம்பு அளவில் ஒரு கறுப்பு டப்பா. ஒரு ரப்பர் குழாய் வழியாக இன்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாம் பிரேக்கை மிதித்ததும் அந்த உறிஞ்சலின் பலத்தை வைத்து நம்முடைய மிதியைப் பெரிதாக்கி, சக்கரங்களுக்கு அனுப்பும். நாம் மிதிப்பது கால்வாசி, மிச்சத்தை அது மிதிக்கும். அந்த டப்பாவுக்குள் பிரேக் ஆயில் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம், நடுவில் சுண்டுவிரல் மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் சீல். அந்த சீல் தேய்ந்துவிட்டால் பிரேக் ஆயில் காற்றுப் பக்கம் கசியும். கசிந்ததை இன்ஜின் குழாய் வழியே உறிஞ்சிக் குடித்துவிடும். குடித்து, எரித்து, வெள்ளைப் புகையாக விட்டுவிடும். தரையில் ஒரு சொட்டு விழாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் தேடினாலும் கிடைக்காது.

இதைக் கண்டுபிடித்ததும் துள்ளிக் குதித்து ஷெட்டுக்கு ஓடினேன். இது சரியென்றால் பானெட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக் ஆயில் டின்னில் மட்டம் சரசரவென்று இறங்கியிருக்க வேண்டும். பழைய வண்டி, டின் தகரம், வெளியிலிருந்து மட்டம் தெரியாது. மூடியைத் திருகித் திறந்தேன்.

கழுத்துவரை ததும்பிக்கொண்டிருந்தது.

மறுநாளும் சரிவில் இறங்கினேன், தெருவையே மேகமாக்கினேன், சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தேன். ததும்பியது. அதற்கு மறுநாளும். மூக்கு உடைந்தது என்பார்களே, எனக்கு உடைந்த சத்தமே கேட்டது.

உண்மை வெளியே வந்தது செருப்பால். என் செருப்பில் ஒன்று ஷெட்டில் பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போய்விட்டது. எடுக்கக் கையை விட்டபோது சில்லென்று ஒரு கேன் தட்டுப்பட்டது. பிரேக் ஆயில். பாதிக்குக் கீழே இருந்தது. அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "என்ன அது?"

"நீங்கதான் சொல்லணும்."

"கொஞ்சம் குறையுது. அப்பப்ப ஊத்தி வைப்பேன். அதுக்கென்ன இப்ப?"

"எத்தனை நாளா குறையுது?"

"அதெல்லாம் யாரு பாத்தா. எந்த வண்டியிலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும்."

"பிரேக் ஆயில் சும்மா குறையாதுப்பா! பிரேக் ஆயில்! நம்ம எல்லாரும் அதுலதான் ஏறி உக்காந்து போறோம்!"

"கத்தாத. மேல கேக்கும்." அப்பா குரலைத் தாழ்த்தினார். "உங்க பெரியப்பாகிட்ட சொல்லிடாத. நம்ம மாசத்துல ஆயில் குறையுதுன்னு தெரிஞ்சா அவருக்குப் பண்டிகை."

நான் நேராக மாடிக்குப் போனேன். பெரியப்பா இல்லை. பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, பெரியப்பா காருக்கு ஏதாவது ஆயில் வாங்கி வச்சிருக்காரா?"

"ஏன் கேக்கற, ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு டப்பா. மோந்து பாத்தா தலை சுத்துது. தூக்கிப் போடறேன்னா, 'அதைத் தொடாத, கீழ தெரிஞ்சா மானம் போயிடும்'ங்கறார். ஏதோ கள்ளக்கடத்தல் பண்ற மாதிரி ராத்திரியில எடுத்துட்டுப் போறதும், கை கழுவறதும். நானும் கேக்கறதை விட்டுட்டேன்."

படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பெரிய மனிதர்கள் வருடக்கணக்காக, மாறி மாறி, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே ஓட்டைக்குள் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யார் திறந்து பார்த்தாலும் டின் நிறைந்திருக்கிறது. டின் நிறைந்திருப்பதால் மெக்கானிக் பார்க்கவில்லை. நானும் என் கணிப்பை நம்பவில்லை. ஒரே ஒரு மாதம் இவர்களில் ஒருவர் சோம்பேறியாக இருந்திருந்தால் போதும், அந்த ஓட்டை தானாகவே மாட்டியிருக்கும்.

அப்பாவை வைத்துக்கொண்டே நிரூபித்தேன். இன்ஜினை அணைத்து, செர்வோவிலிருந்து ரப்பர் குழாயைப் பிடுங்கினேன். ஒரு குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்தால் துணி நனைந்து பழுப்பாக வந்தது. அந்தக் குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கினேன். இனி இன்ஜின் எதையும் குடிக்க முடியாது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

உள்ளே மிச்சமிருந்தது எரிகிறவரை புகைந்தது. பிறகு மெலிந்தது. பிறகு நின்றே போனது. அப்பா சைலன்சருக்குப் பின்னால் குனிந்து, கைக்குட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் படியவில்லை.

"இன்ஜின் போகலையா அப்ப?"

"இன்ஜினுக்கு என்ன? நீங்க ரெண்டு பேரும் ஊத்தி ஊத்திக் கொடுத்தீங்க, அது குடிச்சுது."

"ரெண்டு பேருமா?"

சொல்லிவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். முகத்தில் வருத்தமா சந்தோஷமா என்று தெரியவில்லை. "அவருமா ஊத்தறார்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த பிராண்டு?" என்று கேட்டார்.

சீல் பழைய மாடல். உதிரிபாகக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, அது வந்து சேர்வதற்குள் எனக்கு நகம் மிஞ்சவில்லை. வந்ததும் செர்வோவைக் கழற்றி, சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன். காற்று மட்டுமே இருக்க வேண்டிய பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் பிரேக் ஆயில் கொட்டியது. அண்ணன் தம்பியின் கௌரவம் மொத்தமும் அங்கேதான் தேங்கியிருந்தது. பழைய சீல் கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உருளையின் உட்சுவரைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, கோடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு புதுசை மாட்டினேன்.

"இந்த மேஜையில இனிமே யாராவது சாப்பிடணும்னு நினைப்பிருக்கா?" என்றாள் அம்மா.

மாட்டிய பிறகு பிரேக் குழாய்களில் நுழைந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். இதற்கு மூன்று பேர் தேவை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே படுத்து, காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட, ஒருவர் டின்னில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ள. அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரியம்மா ஷெட்டுக்குள் வரமாட்டார். ஆக, மிச்சமிருந்தது யார்?

பெரியப்பா மஞ்சள் துணியோடு இறங்கி வந்தார். "என்ன ஆபீசர், கூப்பிட்டியாமே?" என்னை அவர் ஆபீசர் என்றுதான் கூப்பிடுவார், எனக்கு வேலை கிடைக்காததிலிருந்து. சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அப்பா பின்சக்கரத்தருகே சாக்கு விரித்துப் படுத்தார். நான் மட்கார்டு மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன்.

"எதுக்கு போர்வை? குளிருதா அதுக்கு?" என்றார் பெரியப்பா.

"பிரேக் ஆயில் பெயிண்ட்ல பட்டா தோலை உரிச்சுடும் பெரியப்பா. ஒரு சொட்டு படக் கூடாது."

"ஓஹோ" என்றார் பெரியப்பா. அப்பா வண்டிக்கு அடியிலிருந்து, "தெரியும் தெரியும்" என்றார். இருவருமே கேட்டார்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்லி வைக்கிறேன்.

"அழுத்தச் சொல்லு" என்றார் அப்பா.

"பெரியப்பா, அழுத்துங்க."

"அழுத்தியாச்சுன்னு சொல்லு."

"அப்பா, அழுத்தியாச்சு."

"திறக்கறேன். கால எடுக்க வேணாம்னு சொல்லு."

"எனக்கும் காது இருக்குன்னு சொல்லு."

இப்படியே மூன்று சக்கரங்கள். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நாலாவது சக்கரத்தில் நான் டின்னில் ஊற்றுவதில் கவனமாக இருந்துவிட்டேன். பெரியப்பாவின் கால் நழுவியது.

"விடாதண்ணா! விடாத!" அப்பா அடியிலிருந்து கத்தினார்.

"நான் எங்கடா விட்டேன்? நீ மூடு முதல்ல!"

நிப்பிளிலிருந்து ஒரு காற்றுக் குமிழி வெளியேறுவது கேட்டது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து முறைத்தார்கள், பேசியது நான்தான் என்பதுபோல.

வேலை முடிந்தது. டின்னில் உட்பக்கம் இருக்கிற கோடு வரை ஊற்றி, மூடினேன். இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்: "இனிமே ஒரு சொட்டு குறையாது. ஊத்தவே வேணாம். மேல இடம் விட்டிருக்கேன், அது அப்படித்தான் இருக்கணும்." இருவரும் தனித்தனியாகத் தலையாட்டினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். வளைவுக்கு வளைவு மிதித்தேன். பின்கண்ணாடியில் பால்காரர், அவர் சைக்கிள், அவர் மீசை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

பறந்து வந்து அப்பாவிடம் சொன்னேன். "வண்டி ஜம்முனு இருக்கு. பல் டாக்டரை வர வேணாம்னு சொல்லிடலாம்ல?"

அப்பா தயங்கினார். "மேல என்ன சொல்றாங்கன்னா... நல்லா இருக்கும்போதே கொடுத்துடறதுதான் மரியாதையாம். புகையோட கொடுத்தா நமக்குத்தானே கேவலம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவர் சொல்றதும் சரிதானே?"

அண்ணன் சொல்வது சரி என்று அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. கேட்டது இதற்கா? நான் விடிய விடிய யோசித்து, நகம் கடித்து, சீல் மாற்றி, காற்று எடுத்து, கடைசியில் செய்தது என்னவென்றால் கெட்ட வண்டியை விற்கிற வண்டியாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். என் கையால் அலங்காரம் செய்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஷெட் பக்கமே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய விரல்கள், மிக மென்மையான குரல். ரேடியேட்டர் கிரில்லைக் குனிந்து பார்த்த விதத்தில் 'இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க' என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. "கவரை எடுக்கலாமா?" என்றார். அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம் பிடித்துத் துணி உறையை இழுத்தார்கள்.

உறையோடு பெயிண்டும் வந்தது.

பானெட் முழுக்க வட்டம் வட்டமாகத் தோல் சுருங்கி, கொப்பளித்து, சில இடங்களில் உரிந்து அடியில் துரு நிறப் பூச்சு தெரிந்தது. வட்டங்கள் அழகாக, ஒரே அளவில், மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தன. அப்படி வட்டமாகத் துடைக்கிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். இடது மட்கார்டின் மேல் ஒரு கேனின் அடிப்பாகம் அளவுக்குத் துல்லியமான ஒரு வளையம், பெயிண்டைக் கடித்து எடுத்திருந்தது. பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் நான் பார்த்த கேனின் அளவு. வண்டிக்கு அடியில் சின்னக் குட்டை.

பானெட்டைத் திறந்தேன். டின் விளிம்புவரை நிரம்பி, மூடி மிதக்காத குறையாக, சுற்றிலும் வழிந்திருந்தது.

எனக்கு எல்லாம் படம் மாதிரி ஓடியது. வாங்குகிறவர் டின்னைத் திறந்து பார்த்துக் கீழ்வீட்டைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்று அப்பா வந்து ஊற்றியிருக்கிறார், கேனை மட்கார்டில் வைத்து நிதானமாக. மேல்வீட்டைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்று பெரியப்பா வந்து ஊற்றியிருக்கிறார். வழிந்திருக்கிறது. மஞ்சள் துணியால் வழித்துத் துடைத்திருக்கிறார். துடைத்த துணி கையில் இருக்கும்போது பானெட்டைச் சும்மா விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வருமா?

பல் டாக்டர் குட்டையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது பிரேக் ஆயில். லீக் ஆகுதுன்னு ஃபோன்ல சொல்லவே இல்லையே?"

அப்பா தன் செருப்பைப் பார்த்தார். பெரியப்பா மஞ்சள் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

'லீக் இல்ல சார், ஊத்தினது' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் ஏன் ஊற்றினீர்கள் என்று அடுத்து கேட்பார். வழக்கமாக ஊற்றுவோம் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நாள் வழக்கம்? குறைவது தெரிந்துமா? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? எல்லாவற்றையும் எதிராளியின் முன்னால் நின்றபடி சொல்ல வேண்டும்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "ஆமா சார். லீக் இருக்கு."

"இருக்கு" என்றார் பெரியப்பா உடனே. "ரொம்ப நாளாவே இருக்கு."

"யார் மாசத்துலன்னு இல்ல. எப்பவுமே இருக்கும். இல்லண்ணா?"

"ஆமாம்ப்பா. பொதுவான லீக்."

கண் முன்னால் என் வேலையைக் கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் ஜோடி சேர்ந்து, ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைத்து.

பல் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானேம்மா செர்வோவைப் பிரிச்சு சரி பண்ணினது? வாசல்ல வரும்போதே பெருமையா சொன்னாங்களே. லீக் நின்னுச்சா, நிக்கலையா?"

அந்த சீலை நான் என் கையால் உட்கார வைத்தேன். ஓர் அணு கூட அதைத் தாண்டாது. சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்து, சைலன்சருக்குப் பின்னால் அவருடைய அந்த வெள்ளைச் சட்டையையே பிடித்துக் காட்டி நிரூபிக்க முடியும். பானெட்டில் இருப்பது வெறும் பெயிண்ட், ஒரு வாரத்தில் அடித்துவிடலாம் என்று சொல்ல முடியும். நான் செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அது. அதை ஒரே ஆளாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உள்ளே ஏதோ முட்டிக்கொண்டு வந்தது. சொன்னால் மனிதர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். பல் டாக்டர் அதைக் கவனித்திருப்பார்.

"நிக்கல, சார்."

"அப்படியா." அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "முயற்சி பண்ணினதே பெரிசு. வருத்தப்படாதீங்க. சரியானதும் சொல்லி அனுப்புங்க, பாக்கலாம்."

அவரும் நல்லவர்தான்.

அவர் போன பிறகு மூவரும் பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாவி பெரியப்பாவின் கையில் இருந்தது. மாடிப்படி ஆணிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவர் நின்றார்.

"இந்த லீக்க வச்சுக்கிட்டு மாசத்துக்கு ஒருத்தர் ஓட்டறது ஆபத்து" என்று சுவரிடம் சொன்னார்.

"ஆபத்துதான்" என்றார் அப்பா.

"சரியாகற வரைக்கும் ஆபீசர்கிட்டயே இருக்கட்டும். அவதான பிரிச்சா? அவளே கண்டுபிடிக்கட்டும்."

"கண்டுபிடிக்கட்டும். அப்புறம் மாசக் கணக்கு பாத்துக்கலாம்."

சாவி என் கைக்கு வந்தது. அன்று மத்தியானம் இரண்டு கேன்களும் என் அறை வாசலில் இருந்தன. யார் எப்போது வைத்தார்கள் என்று தெரியாது. ஒன்றின் மேல் மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது, நாலாக, நேர்த்தியாக மடித்து.

இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன். சொறி பிடித்த மாதிரி பானெட்டோடு, கண்ணாடி மாதிரி சுத்தமான சைலன்சரோடு. டின்னை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். மட்டம் கோட்டிலேயே நிற்கிறது, ஒட்டி வைத்த மாதிரி. யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் ஆணியில் மறுபடி சாவி தொங்கும்.

நேற்று சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது மாடி பால்கனியில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா. கையில் டீ. பெயிண்ட் என்ன கலர் அடிக்கலாம் என்று ஏதோ வாக்குவாதம், மெரூன் என்ற வார்த்தை காதில் விழுந்தது.

"என்ன ஆபீசர், லீக் கிடைச்சுதா?"

"தேடிட்டே இருக்கேன் பெரியப்பா."

"அவசரமில்ல" என்றார் அப்பா. "நிதானமா தேடு."